எடைச்சீட்டு லிங்கில் ஓட்டை: கண்டவர் எப்படிச் சொல்வது, மென்பொருள் செய்தவர் எப்படி அடைப்பது – முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் மாங்காய் மண்டிகளில் மேசைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் ஒரு பில்லிங் மென்பொருள், பக்கத்தில் எடைமேடையின் இண்டிகேட்டர் (எடை காட்டும் பெட்டி) என்று இருப்பதைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட மென்பொருளை எழுதுவது பெரும்பாலும் நான்கைந்து பேர் கொண்ட சின்ன நிறுவனம். அங்கே பாதுகாப்புக்கென்று தனித் துறை கிடையாது. போன் எடுப்பவரே புரோகிராம் கோடும் எழுதுவார், சாயங்காலம் மண்டிக்குப் போய் பிரிண்டரையும் சரிசெய்வார். பாதுகாப்பு ஓட்டை பற்றிய வழிகாட்டிகள் பலவும் பெரிய கம்பெனிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இது சின்னவர்களுக்கானது. ஓட்டையைக் கண்டவர், மென்பொருள் செய்தவர் இருவருக்கும் சேர்த்துத்தான்.

கடைசிவரை ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் இந்த வகை ஓட்டை புதிதல்ல. ஓசூரில் ஐந்து பேர் நிறுவனம் ஒன்று மண்டிகளுக்கு மென்பொருள் தருகிறது. லோடு எடை போட்டதும் விவசாயிக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு லிங்க் போகும். திறந்தால் எடைச்சீட்டு. லிங்கின் கடைசியில் சீட்டு எண்: 40217. தருமபுரியில் படிக்கும் மாணவி ஒருத்தி, அப்பாவுக்கு வந்த லிங்கைப் பார்க்கிறாள். லாகின் இல்லை, ஓ.டி.பி. இல்லை. எண்ணை மாற்றினால் அடுத்தவர் சீட்டு வந்துவிடுமோ என்று சந்தேகம் வருகிறது.

கை வைப்பதற்கு முன்

சந்தேகம் வந்த இடத்திலேயே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 43, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைவதையும் தகவல் எடுப்பதையும் இழப்பீடு கட்ட வேண்டிய தவறாக வைத்திருக்கிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘ஆராய்ச்சிக்காகச் செய்தேன்’ என்பவருக்கு அந்தச் சட்டத்தில் தனி விலக்கு இல்லை. உங்கள் நோக்கம் நல்லது என்று காட்டப்போவது நீங்கள் எவ்வளவு குறைவாகத் தொட்டீர்கள் என்பதும் எவ்வளவு சீக்கிரம் சொன்னீர்கள் என்பதும்தான்.

நிறுவனம் தன் தளத்தில் ‘இன்னின்ன பகுதியைச் சோதிக்கலாம்’ என்று எழுதியிருந்தால் அதுதான் அனுமதி, அந்த எல்லைக்குள் மட்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் அடுத்தவர் சர்வரில் தேடிப்போய்ச் சோதிக்காதீர்கள். மென்பொருளின் டெமோ பதிப்பு கிடைத்தால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே நிறுவி, நெட்டைக் கழற்றிவிட்டு ஆசைதீரத் தோண்டலாம். மின்சாரம், வங்கி, அரசு சர்வர் பக்கம் விளையாட்டே வேண்டாம். ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்று அரசு அறிவித்தவற்றில் நுழைந்தாலோ நுழைய முயன்றாலோ பிரிவு 70-ன்படி 10 ஆண்டு வரை சிறை.

நிரூபிக்க எவ்வளவு போதும்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஓட்டை பெரியது என்று காட்ட ஒரு ஸ்கிரிப்ட் எழுதி 500 சீட்டுகளை இறக்கிவிடுவார்கள். அந்த 500 சீட்டும் நிறுவனத்துக்குப் புதிதாக எதையும் சொல்லாது. ஆனால் உங்கள் கணினியில் இப்போது 500 விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மாணவி செய்யக்கூடியது இவ்வளவுதான். சித்தப்பாவும் அதே மண்டியில் லோடு இறக்குகிறவர். அவரிடம் சொல்லி, அவர் சீட்டின் எண்ணை மட்டும் வாங்கிக்கொள்கிறாள். அப்பாவின் லிங்கில் எண்ணை அழித்து, சித்தப்பாவின் எண்ணை அடிக்கிறாள். சீட்டு திறந்தால் ஓட்டை உறுதி. பார்த்த தகவலுக்கு உரியவர் சம்மதித்தவர், வெளியார் ஒருவர் விவரமும் அவள் கண்ணில் படவில்லை. சர்வர்காரர் அனுமதி தரவில்லை என்ற சிக்கல் அப்போதும் இருக்கிறது. ஆனால் இதைவிடச் சிறிதாக இந்த ஓட்டையை நிரூபிக்க முடியாது.

மற்ற வகை ஓட்டைகளுக்கும் இதே கணக்குதான். தேடல் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி விழுந்ததும் டேட்டாபேஸ் பிழைச் செய்தி வந்தால், பெட்டி வழியாக டேட்டாபேஸுக்குக் கட்டளை நுழைக்க விடும் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் இருக்கலாம் என்று சொல்ல அது போதும். டேபிளை இறக்கிக் காட்ட வேண்டியதில்லை. மொபைல் செயலிக்குள் பாஸ்வேர்டு தென்பட்டால் அது எந்தக் கோப்பில், எந்த வரியில் இருக்கிறது என்று சொல்லுங்கள்; அதைப் போட்டு உள்ளே போய்ப் பார்க்காதீர்கள்.

உடனே குறித்துக்கொள்ள வேண்டியவை: தேதி, நேரம் நொடிவரை (இந்திய நேரம் என்று எழுதியே வையுங்கள்), அப்போது உங்கள் இணைப்பின் ஐ.பி. முகவரி, எந்த பிரவுசர் அல்லது செயலி, என்ன பதிப்பு, அனுப்பிய கோரிக்கை, வந்த பதில். ஸ்கிரீன்ஷாட்டில் பெயர், எண்களை மறைக்கும்போது கறுப்புப் பட்டையால் முழுதாக மூடுங்கள். மங்கலாக்கினால் சில சமயம் திரும்ப வாசித்துவிட முடியும்.

யாரிடம் சொல்வது

முதல் கேள்வி, இது யாருடைய ஓட்டை? லிங்கில் எண்ணை மாற்றினால் சீட்டு வருகிறது என்றால் அது மென்பொருள் செய்தவரின் தவறு. முதலாளி வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்பதற்காக யாரோ ரவுட்டரில் 1433-ஆம் போர்ட்டை (வெளியிலிருந்து டேட்டாபேஸுக்குப் போகும் வழியை) திறந்துவிட்டுப் போயிருந்தால் அது அந்த மண்டியின் சிக்கல், அங்கே போய்ச் சொல்ல வேண்டும். முதல் வகையை மண்டிக்காரரிடம் சொல்லிப் பயனில்லை. அவரால் அடைக்க முடியாது, பதற்றத்தில் நாலு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடவும் கூடும்.

நிறுவனத்தின் தளத்தில் ‘செக்யூரிட்டி.டிஎக்ஸ்டி’ (security.txt) என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை கண்டவர் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதை எல்லாத் தளங்களும் ஒரே இடத்தில் சொல்லட்டும் என்று ஆர்.எஃப்.சி. 9116 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக 2022 ஏப்ரலில் வந்த ஏற்பாடு அது. ‘வெல்-நோன்’ (.well-known) என்ற அடைவுக்குள் இருக்கும். சின்ன நிறுவனங்களில் இருக்காது. அப்போது பில்லில் அச்சான மின்னஞ்சல், செயலிக் கடையில் டெவலப்பர் பகுதியில் உள்ள முகவரி, கடைசியாக ஆபீஸ் போன். வரவேற்பில் எடுப்பவரிடம் விவரம் சொல்லத் தொடங்காதீர்கள். ‘சாஃப்ட்வேர் எழுதுற சார்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசணுங்க’ என்றால் போதும்.

முதல் கடிதத்தில் ஓட்டையின் செய்முறை இருக்கக் கூடாது. அந்தப் பொது மின்னஞ்சலை யார் யார் திறக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. இப்படி இருக்கலாம்:

> வணக்கம் ஐயா. உங்கள் எடைச்சீட்டுத் தளத்தில் ஒருவர் சீட்டை வேறொருவர் பார்க்க இடம் கொடுக்கும் பாதுகாப்பு ஓட்டை ஒன்றைக் கவனித்தேன். விவரத்தைப் பாதுகாப்பாக அனுப்ப விரும்புகிறேன். மென்பொருள் வேலையைப் பார்ப்பவரின் மின்னஞ்சலும் போன் எண்ணும் தர முடியுமா? இதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. பணம் எதுவும் கேட்கவில்லை.

கடைசி வரி முக்கியம். ‘எவ்வளவு தருவீர்கள்’ என்ற பேச்சு விவரத்துக்கு முன்னால் வந்தால், எதிர்ப்பக்கம் அதை மிரட்டலாகத்தான் படிக்கும். மிரட்டிப் பணம் பறிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 308 இருக்கிறது. வெகுமதித் திட்டம் என்று நிறுவனமே அறிவித்திருந்தால் மட்டும், அதில் சொன்ன வழியில் கேளுங்கள்.

விவரக் கடிதம்

பதில் வந்த பிறகு அனுப்பும் கடிதத்தை, அதைப் படிக்கிறவர் பத்து நிமிடத்தில் தன் மேசையில் செய்து பார்க்க முடிகிற மாதிரி எழுத வேண்டும். எங்கே, என்ன பதிப்பு, என்ன செய்தால் என்ன வருகிறது, என்ன வந்திருக்க வேண்டும், யாருக்குப் பாதிப்பு, நீங்கள் எத்தனை முறை எந்த எண்களைத் திறந்தீர்கள், உங்கள் ஐ.பி. என்ன. கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். நிறுவனம் சர்வரின் லாக்கை (யார் எப்போது எதைத் திறந்தார் என்ற பதிவை) பார்க்கும்போது உங்கள் தடத்தையும் வேறொரு திருடனின் தடத்தையும் பிரித்தறிய அதுதான் வழி.

செய்முறை வரிகள் இவ்வளவு மொட்டையாக இருந்தால் நல்லது:

> 1. லாகின் இல்லாத பிரவுசர் ஜன்னலில் சீட்டு 40217-ன் லிங்கைத் திறந்தேன் (என் அப்பாவுடையது).
> 2. லிங்கின் கடைசி எண்ணை 40188 என்று மாற்றினேன் (என் சித்தப்பாவுடையது, அவர் சம்மதத்துடன்).
> 3. சீட்டு முழுதாகத் திறந்தது. பெயர், செல்போன், வங்கிக் கணக்கு எண், எடை, விலை தெரிந்தன.
> 4. வேறு எந்த எண்ணையும் திறக்கவில்லை.

கோப்புகளை 7-ஜிப்பில் ஏ.இ.எஸ்-256 பூட்டுப் போட்டு மின்னஞ்சலில் அனுப்பி, பாஸ்வேர்டைப் போனில் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் வைத்தால் பூட்டு எதற்கு? ஜிமெயில், ஓடக்கூடிய கோப்புகளையும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளையும் ஜிப்புக்குள் இருந்தாலும் தடுக்கும். ஸ்கிரிப்ட் இருந்தால் சாதாரண எழுத்துக் கோப்பாக மாற்றி அனுப்புங்கள்.

காத்திருக்கும் கணக்கு

எத்தனை நாள் காத்திருப்பது என்பதற்குச் சட்டமாக ஒரு எண் கிடையாது, பழக்கத்தில் வந்த எண்கள் உண்டு. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு 90 நாள் தருகிறது; அதற்குள் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வந்தால், மக்கள் போட்டுக்கொள்ள மேலும் 30 நாள் கழித்தே தொழில்நுட்ப விவரத்தை வெளியிடுகிறது. ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுகிற ஓட்டை என்றால் 7 நாள்தான். அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் 45 நாளை வைத்திருக்கிறது.

மண்டி மென்பொருளுக்கு 90 நாளையே எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து, ஆனால் நாள்காட்டியைப் பார்த்து. மே முதல் ஜூலை வரை மாங்காய் சீசன். அந்த 90-ஆம் நாள் ஜூன் நடுவில் விழுந்தால், விவரத்தை வெளியிட்டு நசுங்கப்போவது நிறுவனம் அல்ல, மண்டியில் வரிசையில் நிற்கும் விவசாயி. நிறுவனம் உண்மையாக வேலை செய்துகொண்டிருந்தால் ஆகஸ்டுக்குத் தள்ளுங்கள். வேலை நடக்கிறதா என்பதை 15 நாளுக்கு ஒருமுறை வரும் கடிதம் சொல்லிவிடும்.

பதிலே இல்லையென்றால் 7-ஆம் நாள் ஒரு நினைவூட்டல், 14-ஆம் நாள் போன். அதற்கும் அசைவில்லை என்றால் செர்ட்-இன். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் 2004 முதல் இயங்கும் அமைப்பு அது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அதற்கான பிரிவு 70-பி. ஓட்டை தெரிவிப்பதற்கென்றே தனிப் படிவமும் மின்னஞ்சலும் அவர்கள் தளத்தில் இருக்கின்றன. இடையில் நின்று நிறுவனத்தோடு பேசுவார்கள், தேவைப்பட்டால் ஓட்டைக்கு சி.வி.இ. எண்ணும் (ஓட்டைகளுக்கு உலக அளவில் தரப்படும் அடையாள எண்) தருவார்கள். எங்களைக் கேட்டால், சர்வர்காரர் அனுமதி இல்லாமல் கண்ட ஓட்டையைத் தனியாள் ஒருவர் தன் பெயரில் இணையத்தில் போட்டுவிடுவதைவிட இந்த வழி எவ்வளவோ மேல்.

ஓட்டை வழியாக யாருடைய பணமாவது ஏற்கெனவே போயிருக்கிறது என்று தெரிந்தால் காத்திருப்புக் கணக்கெல்லாம் கிடையாது. பணம் இழந்தவர் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

இனி மென்பொருள் செய்தவர் பக்கம்: முதல் பதில்

கடிதம் வந்ததும் வரும் முதல் உணர்ச்சி கோபம். ‘நம்ம சர்வர்ல இவளுக்கு என்ன வேலை?’ வக்கீல் நோட்டீஸ் அனுப்பத் தோன்றும். அனுப்பினால், அடுத்த ஓட்டையைக் காண்கிறவர் உங்களிடம் சொல்ல மாட்டார். ஓட்டை மட்டும் அங்கேயே இருக்கும்.

இரண்டு வேலை நாளுக்குள் ஒரு மனிதர் எழுதிய பதில் போக வேண்டும்: ‘வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் செய்து பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் என்ன கண்டோம் என்று சொல்கிறோம். இதை இன்னார் பார்க்கிறார், அவர் எண் இது. அதுவரை விவரத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.’ ‘சரிசெய்துவிட்டோம்’ என்று செய்யாததைச் சொல்லாதீர்கள். கண்டவர் மறுநாள் அதே லிங்கைத் திறந்து பார்ப்பார்.

அதே நாளில் லாக்கைப் பத்திரப்படுத்துங்கள். 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் உத்தரவுப்படி லாக் 180 நாள் இருக்க வேண்டும். ஆனால் சின்ன சர்வர்களில் வட்டு நிறைந்தால் பழைய லாக்கை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் அதை நிறுத்துங்கள்.

யாராவது ஏற்கெனவே புகுந்தார்களா

அடைப்பதற்கு முன்போ, அடைக்கும்போதோ இதைப் பார்த்தாக வேண்டும். விண்டோஸ் சர்வரில் ஐ.ஐ.எஸ். என்ற வெப் சர்வர் எழுதும் வழக்கமான லாக்கில் நேரம் யூ.டி.சி.யில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) இருக்கும். மாணவி காலை 10.40-க்குத் திறந்தேன் என்று சொன்னால் லாக்கில் அது 05:10. இது தெரியாமல் 10:40-ல் தேடிவிட்டு, ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை, பொய் சொல்கிறாள்’ என்று முடிவுகட்டிவிட முடியும். அதிகாலை 5.30-க்கு முன் நடந்தது முந்தைய தேதியின் கோப்பில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதலில் அவள் ஐ.பி.யைத் தேடி, அவள் சொன்ன இரண்டு எண்கள் மட்டும்தானா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஐ.பி.யும் ஒரு நாளில் எத்தனை வெவ்வேறு சீட்டு எண்களைத் திறந்தது என்று எண்ணுங்கள். ஒரு விவசாயி ஒரு நாளில் ஒன்றோ இரண்டோ சீட்டுதான் திறப்பார். செல்போன் நெட்வொர்க்கில் பலர் ஒரே ஐ.பி. வழியாக வருவதால் இருபது முப்பது இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், அவை முன்பின்னாகத் தாறுமாறாக இருக்கும். 40001, 40002, 40003 என்று நொடிக்கு நான்கு வீதம் வரிசையாகப் போயிருந்தால் யாரோ அள்ளியிருக்கிறார்கள்.

அப்படி இருந்தால் அது வெறும் ஓட்டை அல்ல, சம்பவம். செர்ட்-இன்னுக்கு, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள். அந்த 6 மணி நேரத்தில் கையில் இருப்பதைச் சொல்லிவிட்டு மீதியைப் பின்னால் கொடுக்கலாம். மண்டிகளுக்கும் சொல்ல வேண்டும். விவசாயியின் விவரத்தை எதற்காகச் சேகரிப்பது என்று முடிவுசெய்தவர் மண்டிக்காரர் என்பதால், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் பொறுப்பு முதலில் அவருடையது. நீங்கள் அவருக்காக வேலை செய்பவர். தரவு கசிந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்கச் சொல்கிற சட்டம் அது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியதற்கு அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். விதிகள் படிப்படியாக அமலுக்கு வருவதால் எந்தப் பிரிவு எப்போதிருந்து என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரியது

ஓட்டையின் கடுமையை அளக்கும் சி.வி.எஸ்.எஸ். என்ற மதிப்பெண் முறை 0 முதல் 10 வரை போகும். 4-க்குக் கீழ் குறைவு, 4.0 முதல் 6.9 வரை நடுத்தரம், 7.0 முதல் 8.9 வரை அதிகம், 9.0 முதல் மிகக் கடுமை. நம் ஓட்டையை 3.1 பதிப்பில் போட்டுப் பார்ப்போம். நெட் வழியாக, எளிதாக, லாகின் இல்லாமல், யாரையும் எதையும் கிளிக் செய்ய வைக்காமல் ரகசியத் தகவல் முழுதும் போகிறது, ஆனால் எதையும் மாற்ற முடியாது: 7.5. லாகின் கட்டாயம் என்றிருந்தால் 6.5-ஆக இறங்கும். அதே எண்ணை வைத்து சீட்டில் எடையைத் திருத்தவும் முடியும் என்றால் 9.1. ஆகவே, பார்ப்பதோடு நிற்கிறதா, திருத்தவும் விடுகிறதா என்பதை முதல் நாளே சோதித்துவிடுங்கள். கண்டவர் அதைச் செய்து பார்த்திருக்கக் கூடாது, நீங்கள் பார்க்கத்தான் வேண்டும், சோதனை சர்வரில்.

அடைத்தல்

முதலில் தோன்றும் தீர்வு, 40217-க்குப் பதிலாக யாரும் ஊகிக்க முடியாத நீளமான எழுத்துச் சரம் ஒன்றை லிங்கில் வைப்பது. நல்லதுதான், 128 பிட் அளவுக்குத் தற்செயல் எண்ணாக இருந்தால். அது பாதி வேலை. லிங்கை விவசாயி மருமகனுக்கு அனுப்புவார், அவர் குழுவில் போடுவார். அதனால் லிங்கை வைத்திருப்பவருக்கு எடையும் விலையும் மட்டும் காட்டி, வங்கிக் கணக்கில் கடைசி 4 இலக்கம் மட்டும் காட்டி, மீதிக்கு ஓ.டி.பி. கேளுங்கள். யோசித்துப் பார்த்தால் எடைச்சீட்டில் கணக்கு எண்ணே எதற்கு?

அடுத்து, அதே தவறு வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். சீட்டைத் திரையில் காட்டும் பக்கத்தை அடைத்துவிட்டு, அதே சீட்டை பி.டி.எஃப்.பாகத் தரும் லிங்கை விட்டுவிடுவது சகஜம். எக்செல் இறக்கம், அச்சடிப்பு, பழைய மொபைல் செயலிக்காக இன்னும் உயிரோடு வைத்திருக்கும் முதல் பதிப்பு ஏ.பி.ஐ. (செயலி சர்வரோடு பேசும் வழி) எல்லாவற்றிலும் பாருங்கள். ஒரு பேட்சோடு முடியும் என்று நம்பியவர்களுக்கு 2021 டிசம்பர் நல்ல பாடம். பல மென்பொருள்களுக்குள் இருக்கும் லாக்4ஜே என்ற பதிவுக் கருவியின் ஓட்டைக்கு (சி.வி.இ-2021-44228, மதிப்பெண் 10) 2.15.0 வந்தது. அது முழுதாக அடைக்கவில்லை என்று 2.16.0, பிறகு வேறு ஓட்டைகளுக்காக 2.17.0, 2.17.1 என்று அந்த ஒரே மாதத்தில் நான்கு.

நம்மூருக்கே உரிய ஒரு சிக்கல் எஸ்.எம்.எஸ். லிங்கின் வடிவத்தை மாற்றினால் டி.எல்.டி. தளத்தில் (வணிக எஸ்.எம்.எஸ்.களை முன்கூட்டியே பதியும் தளம்) பதிந்த டெம்ப்ளேட்டோடு அது பொருந்த வேண்டும். செய்தியில் வரும் இணைய முகவரியை முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) விதி 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. புதிய முகவரியைப் பதியாமல் பேட்சைப் போட்டால், எஸ்.எம்.எஸ். சத்தமில்லாமல் விழுந்துவிடும், மண்டியில் சீட்டு வரவில்லை என்று கூச்சல் தொடங்கும், பதற்றத்தில் யாராவது பழைய கோடைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். முகவரியின் முன்பகுதியை அப்படியே வைத்துக் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றுவது பாதுகாப்பான வழி. ஏற்கெனவே போய்விட்ட பழைய லிங்குகளை ஓ.டி.பி. கேட்ட பின் திறக்க வையுங்கள். முழுதாகச் செத்துவிட்டால் பணம் வராத விவசாயி கையில் ஆதாரம் இல்லாமல் நிற்பார். ஓ.டி.பி. செய்தி தமிழோடு தெலுங்கு, கன்னடத்திலும் இருக்கட்டும், ஓசூர், வேப்பனப்பள்ளிப் பக்கம் அது தேவை.

இப்படித் தேடும்போதுதான் இரண்டாவது பூதம் கிளம்பும்: எல்லா மண்டிக் கம்ப்யூட்டரிலும் எஸ்.க்யூ.எல். சர்வருக்கு ஒரே பாஸ்வேர்டு, அதுவும் மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கோடிலிருந்து அதை அழித்தால் போதாது. ஏற்கெனவே கொடுத்த இன்ஸ்டாலர்களிலும் கிட் (கோடின் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) வரலாற்றிலும் அது இருக்கிறது. ஒவ்வொரு மண்டியிலும் வேறு வேறு பாஸ்வேர்டாக மாற்றியாக வேண்டும்.

சீசன் நடுவில் எப்படிப் போடுவது

சர்வர் பக்கத்துப் பேட்ச் இரவு 11 மணிக்குப் போட்டுவிடலாம். மண்டிக் கம்ப்யூட்டர்தான் கஷ்டம். ஜூனில் போன் செய்தால் கணக்கப்பிள்ளை, ‘ஏங்க தம்பி, பெங்களூரா மாங்கா லோடு ரோடு வரைக்கும் நிக்குது, இப்பப் போயி சிஸ்டத்த ஆஃப் பண்ணச் சொல்றீங்களே’ என்பார். அவர் சொல்வது நியாயம்தான். அதற்காகச் சும்மா இருக்கவும் முடியாது. வானாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் புகுந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-ல் வெளியிட்டது. தாக்குதல் மே 12-ல், 59 நாள் கழித்து. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். அன்றே செய்வது தற்காலிகத் தடுப்பு: ரவுட்டரில் 1433 திறப்பை மூடச் சொல்லுங்கள், முதலாளி வீட்டிலிருந்து பார்ப்பதற்கு வி.பி.என். வரும்வரை மாலையில் கணக்கு அறிக்கையைப் பி.டி.எஃப்.பாக அனுப்புங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும், லோடு நிற்காது. முழு அப்டேட்டை லோடு இல்லாத நாளில், மண்டி மண்டியாகப் போடுங்கள்.

போடும்போது வரிசை இது:

1. எந்த மண்டியில் எந்தப் பதிப்பு என்ற பட்டியல். இல்லையென்றால் இப்போதாவது எழுதுங்கள்.
2. டேட்டாபேஸ் பேக்கப் எடுத்து, அதை உங்கள் கம்ப்யூட்டரில் திருப்பி ஏற்றிப் பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப் அல்ல.
3. இண்டிகேட்டர் இணைந்துள்ள காம் போர்ட் எண், பாட் வேகம், பாரிட்டி இவற்றைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்டேட் இந்த அமைப்பை அழித்துவிட்டால் எடை வராது. வேகம் 2400-க்குப் பதில் 9600 என்று இருந்தால் எடைக்குப் பதில் குப்பை எழுத்து வரும்.
4. அப்டேட், புதிய பாஸ்வேர்டு, ஒரு சோதனை எடை, ஒரு சோதனை எஸ்.எம்.எஸ்.
5. பழைய பாஸ்வேர்டில் உள்ளே போக முடியவில்லை என்பதையும் சோதியுங்கள்.

விண்டோஸ் 7 இன்னும் ஓடும் இடங்களில் அப்டேட் தானாக இறங்காமல் போகலாம். உங்கள் சர்வர் டி.எல்.எஸ். 1.2 என்ற பாதுகாப்பான இணைப்பு முறையைக் கேட்கும், விண்டோஸ் 7-ல் அது இருந்தாலும் பல செயலிகளுக்கு இயல்பாகத் திறந்திருக்காது. பென்டிரைவில்தான் கொண்டுபோக வேண்டும். அப்படியானால் கோப்பின் எஸ்.எச்.ஏ-256 எண்ணை (கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் கைரேகை போன்றது) மண்டியில் வைத்து ஒருமுறை சரிபாருங்கள். ஊரெல்லாம் சுற்றிய பென்டிரைவ் அது. எடைக்கருவியின் முத்திரையைத் தொட வேண்டிய வேலை இதில் எதுவும் இல்லை, யாராவது இண்டிகேட்டரைத் திறக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வெளியில் சொல்வது

அறிவிப்பு இரண்டு எழுத வேண்டும். ஒன்று தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு: எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை பாதிப்பு, எதில் சரியானது, மதிப்பெண், தற்காலிகத் தடுப்பு, சி.வி.இ. எண், கண்டவர் பெயர். பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். மற்றது மண்டிக்காரர் வாட்ஸ்அப்பில் படிக்க:

> எங்கள் மென்பொருளின் 4.2-க்கு முந்தைய பதிப்புகளில், எடைச்சீட்டு லிங்க் மூலம் வேறொருவர் சீட்டைப் பார்க்க முடிந்த குறை இருந்தது. சர்வரில் சரிசெய்துவிட்டோம். உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு மாற்றம் தேவை, 20 நிமிடம் ஆகும். எங்கள் ஆள் வரும் நாளைப் போனில் சொல்வோம். அதுவரை யார் போனில் கேட்டாலும் பாஸ்வேர்டோ ஓ.டி.பி.யோ தராதீர்கள், எங்கள் பெயர் சொன்னாலும்.

கடைசி வரியை விடாதீர்கள். இப்படி அறிவிப்பு போன வாரம்தான் போலி ஆட்களுக்கு வசதியான வாரம். லாக்கில் அள்ளிய தடம் இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்; தடம் இல்லையென்றால், எத்தனை நாள் லாக்கைப் பார்த்தீர்கள் என்பதோடு சொல்லுங்கள். ‘180 நாள் லாக்கில் அப்படி எதுவும் காணப்படவில்லை’ என்பது வேறு, ‘யாரும் பார்க்கவில்லை’ என்பது வேறு.

அறிவிப்புக்கு முன் பேட்ச் போட்ட சர்வரை மாணவியிடம் ஒருமுறை காட்டுங்கள், அனுமதியை எழுத்தில் கொடுத்துவிட்டு. ஓட்டையைக் கண்டவர் கண்ணுக்குத்தான் பாதி அடைத்த இடம் சட்டென்று தெரியும். செய்முறை விவரத்தை அவர் வெளியிட விரும்பினால், கடைசி மண்டியில் அப்டேட் முடிந்து 30 நாள் கழித்து ஒரு தேதியைச் சேர்ந்து குறியுங்கள்.

பிறகு உங்கள் தளத்தில் அந்த செக்யூரிட்டி.டிஎக்ஸ்டி கோப்பை வையுங்கள். கட்டாயமான வரிகள் இரண்டே: தொடர்பு முகவரி, காலாவதி நாள். முகவரி ஒருவரின் சொந்த மின்னஞ்சலாக இல்லாமல், இரண்டு பேருக்காவது போய்ச்சேரும் பொது முகவரியாக இருக்கட்டும். வேலையை விட்டுப் போனவர் பெட்டியில் கடிதங்கள் தூங்க வேண்டாம். காலாவதி நாளை ஓர் ஆண்டுக்குள் வைக்கச் சொல்கிறது அந்த ஆர்.எஃப்.சி. ஆகஸ்டில் ஒரு தேதியாக வைத்துக்கொண்டால், லோடு ஓய்ந்து ஆபீஸில் ஆள் இருக்கும் நேரத்தில் அதைப் புதுப்பிக்கலாம்.